எண்பது வரட்டும்

புகைப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு ‘எண்பது’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘எண்பது சார்’, முதுகுக்குப் பின்னால் வெறும் ‘எண்பது’. வயது என்று நினைத்துவிட வேண்டாம், ஐம்பத்தேழுதான் ஆகிறது. இன்ஜின் ஆயில் எண்பது டிகிரி சூடாகாமல் எந்த வண்டியின் குழாயிலும் நான் சோதனைக் கம்பியை நுழைக்க மாட்டேன். எவ்வளவு கெஞ்சினாலும் “எண்பது வரட்டும்” என்பேன். இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதையே சொன்னால் பெயர் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

வீம்புக்குச் சொல்கிறேன் என்று பலர் நினைக்கிறார்கள். கோபித்துக்கொள்கிறவர்களுக்கு நான் ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறேன். சுவரில் படமும் மாட்டியிருக்கிறேன். அந்தப் படத்தில் விரலை வைத்துத்தான் ஆரம்பிப்பேன்.

“இதோ, இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவுல ஒரு பெட்டி இருக்கு பாருங்க, இதுதான் கன்வெர்ட்டர். உள்ள பீங்கான்ல தேன்கூடு மாதிரி ஒண்ணு. ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன ஓட்டை. ஓட்டைக்குள்ள சுவர் பூரா பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு மெல்லிசா பூசியிருக்கு. புகை அது வழியாப் போகும்போது, ஆளைக் கொல்ற கார்பன் மோனாக்ஸைடு நாம மூச்சு விடற கார்பன் டை ஆக்ஸைடா மாறிடும். எரியாம வர்ற பெட்ரோல் அதுக்குள்ளயே எரிஞ்சு முடிஞ்சிடும். நெஞ்சை அறுக்கற நைட்ரஜன் ஆக்ஸைடு பிரிஞ்சு, காத்துல ஏற்கெனவே இருக்கற நைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாப் போயிடும். இவ்வளவையும் செஞ்சுட்டு அந்தப் பூச்சு மட்டும் தேயாம அப்படியே இருக்கும். ஆனா அதுக்குச் சூடு வேணும் சார். முன்னூறு டிகிரிக்குக் கீழ இருந்தா அது வெறும் ஓட்டைப் பெட்டி. வந்த விஷம் வந்தபடியே வெளிய போகும். ஆயில் எண்பதைத் தொட்டா பெட்டியும் சூடாயிருக்கும்னு கணக்கு. அதுக்குத்தான் நிக்கச் சொல்றேன்.”

கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த வருடம் வந்து மறுபடி சண்டை போடுவார்கள். போகட்டும்.

வேலை முடிந்தால் பேச்சும் முடிந்தது எனக்கு. வீடு நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டு அறை, ஒரு நாற்காலி துணி போடுவதற்கு, ஒரு நாற்காலி நான் உட்காருவதற்கு. அந்த ஒன்றரை கிலோமீட்டரை நடந்தே போகலாம். உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் காரில் ரேடியோ இருக்கிறது. சாவியைத் திருப்பினால் உடனே யாராவது ஒருவர் பேச ஆரம்பிக்கிறார். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் அவர் பேசி முடிக்கும் வரை உட்கார்ந்திருப்பேன். நடுவில் எழுந்து போனால் மரியாதையாக இருக்காது அல்லவா?

முன்பெல்லாம் எனக்கு ரேடியோ தேவைப்படவில்லை. எனக்கு ஒரே மகள். தினமும் சாயங்காலம் ஏழரைக்கு அவளிடமிருந்து போன் வரும். “சாப்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, இன்னிக்கு யாரோட சண்டை?” இந்த மூன்று கேள்விதான். பத்து நிமிடத்தில் வைத்துவிடுவாள். அந்தப் பத்து நிமிடத்துக்காக மீதிப் பொழுதை ஓட்டினேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக போன் வருவதில்லை. நானும் போடவில்லை. நான் என்ன தப்பு செய்தேன், நான் ஏன் போட வேண்டும்?

நடந்தது இதுதான். என் மருமகன் சொந்தமாக ஒரு வேன் வைத்திருந்தார். பேக்கரியிலிருந்து கடைகளுக்கு பிரெட் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. அவர்கள் இருக்கும் ஊர் ஹைவேயில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். வேனுக்குப் புகைச் சான்றிதழ் முடியப் போகிறது, அப்படியே அப்பாவையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று மகளும் கூடவே கிளம்பி வந்தாள். நல்ல மழை. வரிசையோ தெரு முனை வரை. என் லேனில்தான் நின்றார்கள். மருமகன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. “எண்பது சார், குடும்ப வண்டி வருது, கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்று பின்னால் ஒருத்தன் கிண்டல் செய்தான். கூட்டம் சிரித்தது.

எனக்குச் சுருக்கென்றது. யாருக்கும் சலுகை கிடையாது என்று காட்ட வேண்டும் போலிருந்தது. வேன் சோதனை மேடை ஏறியதும் மளமளவென்று வேலையை முடித்தேன். கம்பியை நுழைத்தேன், எண்கள் வந்தன. கார்பன் மோனாக்ஸைடு அளவுக்கு மேல் நான்கு மடங்கு. கன்வெர்ட்டர் வேலையே செய்யவில்லை. அந்தப் பூச்சில் இருக்கும் உலோகத்துக்கு விலை உண்டு என்பதால் சிலர் உள்ளே இருக்கும் கூட்டை எடுத்து விற்றுவிட்டு வெறும் பெட்டியை மறுபடி ஒட்ட வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட திருட்டுத்தனத்தை நான் நிறையப் பிடித்திருக்கிறேன்.

“என்ன மாப்பிள்ளை,” என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. “உள்ள இருந்த கூட்டை எடுத்து வித்துட்டீங்களா?”

கூட்டம் மறுபடி சிரித்தது. மருமகன் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். முன் சீட்டிலிருந்த மகள் மழையில் இறங்கி வந்தாள்.

“அவர் அப்படிச் செய்யற ஆளாப்பா?”

“மெஷின் பொய் சொல்லாதும்மா.”

“மெஷின் நம்பரைத்தான் சொல்லுச்சு. வித்துட்டார்னு சொன்னது நீங்க.”

சான்றிதழ் இல்லாமல் வேன் ஓட முடியாது. கன்வெர்ட்டரை மாற்றினால்தான் மறு சோதனை என்று நான் சீட்டில் எழுதிவிட்டேன். இவர் புது கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டுத் திரும்பி வருவதற்குள் பேக்கரிக்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருடம் வேறு யாருக்கோ சம்பளத்துக்கு வண்டி ஓட்டினார் என்று ஒரு உறவுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தப்பு செய்தால் அனுபவிக்கத்தானே வேண்டும் என்று அந்த உறவுக்காரரிடமே சொன்னேன். சொல்லிவிட்டு ஏழரைக்குப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிலில் படுத்த பிறகும் அதை முழுச் சார்ஜில் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். இப்படி ஒரு பிறவி.

போன மாதம் என் காருக்கே சான்றிதழ் முடிந்தது. சொந்த வண்டியைத் தானே சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் பக்கத்து லேனில் விட்டேன். அங்கே வேலை செய்கிற பெண் என்னோடு பதினொரு வருடமாக இருக்கிறாள், என்னை ‘அண்ணா’ என்று கூப்பிடுவாள். ஐந்து நிமிட வேலைதானே என்று நான் டீ வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“அண்ணா, ஃபெயில்.”

“எது?”

“உங்க காருதான். வேற எதைச் சொல்றேன்?”

முதலில் மெஷினைத் திட்டினேன். அப்புறம் பெட்ரோல் பங்க்கைத் திட்டினேன். அடுத்து அவளைப் பிடித்தேன்.

“ஆயில் சூடு பாத்தியா?”

“பாக்காம இருப்பேனா? உங்க பேரே அதுதானே? எண்பத்திரண்டு. ரெண்டு தடவை பாத்தேன்.” அவள் குரல் தணிந்தது. “நீங்க எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான் அண்ணா. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டறீங்க?”

அவள் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். போன வருடச் சீட்டில் இருந்த எண்ணையும் பார்த்தாள்.

“ஒரு வருஷத்துல தொள்ளாயிரம் கிலோமீட்டர். அதுவும் வீடு, ஆபீஸ், வீடு, ஆபீஸ். நீங்க கிளம்பி, வண்டி சூடாகறதுக்குள்ள வந்து நிறுத்திடறீங்க. கன்வெர்ட்டர் ஒரு நாள்கூட முழுசா வேலை செஞ்சிருக்காது. கூடு பூரா கரி படிஞ்சு கிடக்கும்.”

இதே பாடத்தை எத்தனை பேருக்கு எடுத்திருக்கிறேன்! பக்கத்துக் கடைக்கு மட்டும் காரை எடுக்கிறவர்கள்தான் காற்றை அதிகம் கெடுக்கிறார்கள் என்று வாய் கிழியப் பேசியிருக்கிறேன். ஒரு வருடமாக என் தெருவில் தினம் காலையும் மாலையும் பச்சை விஷத்தை விட்டுக்கொண்டு, ரேடியோ கேட்டுக்கொண்டு, நான் பாட்டுக்கு வந்து போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வாசலில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலங்களை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

“பெட்டியை மாத்த வேண்டாம் அண்ணா,” என்றாள் அவள். “ஹைவேல ஏறி ஒரு மணி நேரம் நிக்காம ஓட்டுங்க. படிஞ்சது எரிஞ்சு போயிடும். வந்து மறுபடி டெஸ்ட் பண்ணலாம்.”

“ஒரு மணி நேரம் ஓட்டி எங்க போறது?”

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

“ஒண்ணு சொல்லவா? கோபப்படக் கூடாது. அன்னிக்கு உங்க மாப்பிள்ளை வேனுக்கு நீங்க எண்பது பாக்கல.”

“என்ன உளர்றே?”

“நான் பக்கத்துல நின்னேன் அண்ணா. ‘சூடு போதவில்லை, தொடரலாமா’ன்னு ஸ்கிரீன்ல வந்துச்சு. நீங்க நம்பரைக்கூடப் பாக்காம ‘ஆம்’னு தட்டிட்டுப் போயிட்டீங்க.”

“அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“அன்னிக்கு உங்க மூஞ்சி எதையாவது கேக்கற மாதிரியா இருந்துச்சு?”

கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. ஏனென்றால் அந்த ‘ஆம்’ எனக்கு நினைவிருந்தது. ஒரு மணி நேரம் ஹைவேயில் வந்த வண்டி, சூடாகத்தான் இருக்கும் என்று அன்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே சமாளித்துவிட்டேன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூன்று வருடச் சீட்டுகள் இருக்கும். எல்லாரும் போன பிறகு தேடினேன். வேனின் எண் எனக்கு மனப்பாடம். சீட்டு வந்தது. கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரோகார்பன், எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில்: ஆயில் சூடு நாற்பத்து மூன்று. சோதித்தவர் கையெழுத்து, நான்.

நாற்பத்து மூன்று. முன்பின் தெரியாத ஒருத்தன் அந்தச் சூட்டில் வண்டியைக் கொண்டுவந்திருந்தால், நிற்க வைத்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, படத்தைக் காட்டிப் பாடம் நடத்தி, எண்பது வந்த பிறகுதான் தொட்டிருப்பேன். யார் யாருக்கோ கொடுத்த அந்த ஐந்து நிமிடத்தை என் மகளைக் கட்டியவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. நேர்மையான மனுஷன் என்று நாலு பேர் சொல்ல வேண்டுமென்று செய்தேன். எத்தனை பெரிய முட்டாள் நான்! அந்தச் சீட்டை அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹைவேயில் ஏறினேன். கன்வெர்ட்டருக்காக ஓட்டுகிறேன் என்றுதான் கிளம்பினேன். அரை மணி நேரம் போய்த் திரும்பினால் ஒரு மணி நேரக் கணக்கு சரியாகிவிடும். திரும்ப வேண்டிய இடம் வந்தது. அதைத் தாண்டினேன். அடுத்த திருப்பத்தில் திரும்பிக்கொள்ளலாம் என்று நினைத்து அதையும் தாண்டினேன். ரேடியோவை அணைத்துவிட்டு, மகளிடம் என்ன சொல்வது என்று சத்தமாகப் பேசிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் பிரசங்கம் மாதிரியே இருந்தது. வண்டி மட்டும் நேரம் ஆக ஆக இருமலை விட்டு, எத்தனையோ நாளாக நான் கேட்காத ஒரு சீரான சத்தத்தில் ஓடியது.

வீட்டு வாசலில் வேன் நின்றது. மருமகன் பைப்பைப் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார்.

“வாங்க மாமா,” என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உட்காரக்கூடச் செய்யாமல் சீட்டை எடுத்து நீட்டினேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கடைசி வரியில் நான் விரலை வைத்தேன்.

“நாப்பத்து மூணு மாப்பிள்ளை. நான் பாக்கல.”

“தெரியும் மாமா.” அவர் சீட்டை நிதானமாக மடித்தார். “மூணு மணி நேரம் க்யூல நின்னோம். ‘வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைத்து வைக்கவும்’னு போர்டு மாட்டியிருந்தீங்க. மத்தவங்க எல்லாம் ஓடவிட்டுட்டுத்தான் நின்னாங்க. மாமா வெச்ச போர்டாச்சேன்னு நான் அணைச்சுட்டு மழையில தள்ளிட்டே வந்தேன். அதான் ஜில்லுனு இருந்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.”

நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேனே. என் போர்டை மதித்த ஒரே ஆளை நான் திருடன் என்றிருக்கிறேன்.

பேச்சுச் சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், புருஷன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவள் இரண்டு கையிலும் எதையோ தூக்கிக்கொண்டு வந்தாள். துணியில் சுற்றி வைத்திருந்தாள். என் கையில் கொடுத்தாள், கனமாக இருந்தது.

துணியைப் பிரித்தேன். பழைய கன்வெர்ட்டர். கம்பி அறுக்கிற மெஷினால் நடுவில் குறுக்கே சரிபாதியாக அறுத்திருந்தது. உள்ளே கூடு இருந்தது. ஒரு ஓட்டைகூட உடையாமல், ஒரு இடம்கூடக் காலியாக இல்லாமல், முழுசாக. இருபத்தாறு வருடமாகப் படத்தில் விரலை வைத்துப் பாடம் நடத்தியவன், நிஜக் கூட்டை அன்றுதான் முதல் முறை கையில் பிடித்தேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டையிலும் வானம் தெரிந்தது.

“மாத்தின அன்னிக்கே அறுத்து வாங்கிட்டேன்,” என்றாள். “நீங்க கோபம் தணிஞ்சு ஒரு வாரத்துல வருவீங்க, கண் முன்னாடி வெச்சுக் காட்டணும்னு இருந்தேன். செருப்பு அலமாரிக்குப் பக்கத்துலயே வெச்சிருந்தேன். நீங்க வரவேயில்லப்பா.”

அழுதுவிட்டேன். மருமகன் முன்னால், தெருவைப் பார்த்தபடி, ஐம்பத்தேழு வயதில். தப்பு என்னுடையதுதான் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

அவள் உடனே இரங்கிவிடவில்லை. என் மகள் அல்லவா?

“எங்க ரெண்டு பேர்கிட்ட சொன்னா ஆச்சா? அன்னிக்கு எத்தனை பேர் சிரிச்சாங்க?”

“நாப்பது பேர் இருக்கும்.”

“இதை எடுத்துட்டுப் போங்க. அந்தப் படத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் யாரோடதுன்னு சொல்லுங்க.”

திங்கட்கிழமை என் கார் பாஸாகிவிட்டது. பக்கத்து லேன்காரி சீட்டை நீட்டியபடி “எங்கண்ணா போனீங்க?” என்று கேட்டாள், சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியும் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. அறுத்த கன்வெர்ட்டரைப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, கீழே நாற்பத்து மூன்று போட்ட சீட்டை ஒட்டினேன். ‘இன்ஜினை அணைக்கவும்’ போர்டுக்கு அடியில், ‘மேடை ஏறுமுன் மறுபடி சூடாக்கவும்’ என்று எழுதினேன். வந்தவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்டார்கள். கேட்காதவர்களை நானே கூப்பிட்டேன்.

“இது என் மாப்பிள்ளை வேன்ல இருந்தது சார். நல்ல கன்வெர்ட்டர். நான் எண்பது பாக்காம ஃபெயில் போட்டேன். வித்துட்டார்னும் சொன்னேன்.”

சிலர் சிரித்தார்கள். ஒருத்தர், “நீங்களா சார்?” என்றார். நானேதான் என்றேன். ஒவ்வொரு தடவையும் வாய் கசந்தது, பத்துப் பேருக்குப் பிறகும் பழகவில்லை.

அன்று சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரத்தோடு ஓடிப் போய் எடுத்தேன். மணி ஏழரை.

சாப்பாட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை, மாத்திரையைப் பற்றியும் கேட்கவில்லை.

“இன்னிக்கு எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?”

“முப்பத்தொண்ணு.”

“வந்த வண்டி எத்தனை?”

“முப்பத்து மூணு. ரெண்டு பேர் நிக்காமப் போயிட்டாங்கம்மா.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று பயந்து “ஹலோ, ஹலோ” என்றேன்.

“இருக்கேன்,” என்றாள். “நாளைக்கும் கேப்பேன்.”